கிளீனர் இறங்கிப் போன பிறகு

லாரியில் கிளீனர் என்று ஓர் ஆள் இருந்தார். டீ வாங்கி வருவது, கண்ணாடி துடைப்பது, தார்ப்பாய் கட்டுவது, ராத்திரியில் டிரைவர் கண்ணயராமல் இருக்கப் பேச்சுக் கொடுப்பது என்று அவருக்கு ஓயாத வேலை. மலைப்பாதையில் மட்டும் அதெல்லாம் பின்னுக்குப் போய்விடும். ஏற்றத்தில் வண்டி நிற்க வேண்டி வந்தால், சக்கரம் சரியாக நிற்பதற்குள் இடது கதவு திறந்திருக்கும். கையில் கட்டையோடு ஆள் கீழே நிற்பார். பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகி, காலால் ஓர் உதை உதைத்து, பாடியில் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டு காதில் விழுந்த பிறகுதான் டிரைவரின் கால் பிரேக்கை விட்டு வரும்.

ஹேண்ட் பிரேக்கும் இருந்தது. இழுத்தும் விடுவார்கள். ஆனால் அதை யாரும் பெரிதாக நம்பவில்லை. நம்பியாக வேண்டிய நிலைமையும் வரவில்லை. நிற்கிற வண்டிக்குப் பொறுப்பு கிளீனர்.

2005இல் டாடா ஏஸ் வந்தது. குட்டி யானை என்று அதற்கு நம் ஊர் பெயர் வைத்தது. 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. பொலேரோ பிக்கப் மலையும் சமவெளியும் பாராமல் ஓடுகிறது. இந்த வண்டிகளெல்லாம் ஓர் ஆள் வண்டிகள். கடன் வாங்கியவரும் அவரே, ஓட்டுபவரும் அவரே, லோடு இறக்கும்போது ஒரு கை கொடுப்பவரும் அவரே. கிளீனருக்குக் கூலி கொடுத்தால் வாடகை கட்டுப்படியாகாது. இடது சீட்டில் இப்போது பில் புத்தகமும் சாப்பாட்டுப் பையும் உட்கார்ந்திருக்கின்றன. ஆள் போய்விட்டார், அவர் பார்த்த வேலை போகவில்லை. அது யார் தலையில் விழுந்தது என்பதை நாம் சரியாகக் கவனிக்கவில்லை.

கல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நீலகிரியில் சீட்டுக்குப் பின்னால் கல் இல்லாத பிக்கப்பை நான் பார்த்ததில்லை. ஆனால் தனி ஆளாக ஓட்டுபவர் அந்தக் கல்லை வைக்க வேண்டுமென்றால் கீழே இறங்க வேண்டும். இறங்க வேண்டுமென்றால் பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். கால் பெடலை விட்ட நேரத்துக்கும் கல் டயரைத் தொட்ட நேரத்துக்கும் நடுவில் கதவைத் திறந்து, கல்லை எடுத்து, வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போகிற இடைவெளி ஒன்று இருக்கிறது. லாரிக் காலத்தில் அந்த இடைவெளி கிடையாது. இப்போது அதை அடைத்துக்கொண்டிருப்பது ஒரு வயரும் நான்கு லைனர்களும். கியரில் போட்டு அணைத்தால் எஞ்சினும் கொஞ்சம் தாங்கும். ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். ஆனால் பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினில் அழுத்தம் மெல்லக் கசியும். வண்டி கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி கொஞ்சம் நகரும்.

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டை ஒட்டிய ஒரு பட்டறையில் பிக்கப் ஒன்றின் பின்பக்கத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். எஃப்.சி.க்குப் போக வேண்டிய வண்டி. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரைக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எஃப்.சி., அதற்கு மேல் வருடா வருடம். ஹேண்ட் பிரேக்கைப் பற்றி உரிமையாளர்களுக்கு ஞாபகம் வருவது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். இந்த வண்டியின் லீவர் நெஞ்சு வரைக்கும் வந்தது. பல் மேல் பல்லாகக் கடகடவென்று ஏறிக்கொண்டே போனது. எங்கேயும் பிடி கிடைக்கவில்லை. எத்தனை பல்லில் பிடிக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் போட்டிருக்கும். ஆனால் லீவரின் ஓட்டம் முடிகிற இடத்தில் போய்ப் பிடிக்கிற பிரேக் எந்த வண்டிக்கும் ஆகாது.

"வயரை ரெண்டு சுத்து முறுக்கிக் குடுங்கன்னுதானுங்க வந்தாரு" என்றார் மெக்கானிக். அறுபதை நெருங்குகிறவர். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

"முறுக்கினா ஆகாதுங்களாண்ணா?"

"கைக்கு ஆகுமுங்க. சக்கரத்துக்கு ஆகோணுமே?"

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள, லீவரிலிருந்து சக்கரம் வரைக்கும் ஒரு தடவை போய் வர வேண்டும். டிரைவர் இழுக்கிற லீவர் ஒரு வயரை இழுக்கிறது. வண்டிக்கு அடியில் அந்த வயர் ஓர் இரும்புத் துண்டில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து இரண்டாகப் பிரிகிறது. இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் இழுப்பைச் சமமாகப் பங்கிடுவது அந்தத் துண்டின் வேலை. வயரின் மறுமுனை ட்ரம்முக்குள் நுழைந்து, ஷூவோடு சேர்ந்திருக்கும் ஒரு சிறிய லீவரை இழுக்கிறது. அந்த லீவர் நடுவில் உள்ள ஒரு பட்டைக் கம்பியைத் தள்ள, இரண்டு ஷூக்களும் விரிந்து லைனர் ட்ரம்மின் உள்சுவரை அழுத்துகிறது. கால் பிரேக் ஆயிலால் விரிக்கும் அதே ஷூக்களைத்தான் ஹேண்ட் பிரேக் வயரால் விரிக்கிறது.

லைனர் தேயத் தேய ட்ரம்முக்கும் அதற்கும் நடுவில் சந்து கூடும். சந்து கூடினால் லீவர் மேலே மேலே வரும். இதற்குச் சரியான வைத்தியம் ட்ரம்முக்குள் உள்ள அட்ஜஸ்டரில் லைனரைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. சுலபமான வைத்தியம் அடியில் படுத்து வயரின் நட்டை முறுக்குவது. முறுக்கினால் லீவர் டக்கென்று கையில் பிடிக்கும், உரிமையாளர் சந்தோஷமாகப் போவார். ஆனால் உள்ளே அந்தச் சிறிய லீவர் ஓய்வு நிலைக்குத் திரும்ப முடியாமல் எப்போதும் கொஞ்சம் இழுபட்டே நிற்கும். தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் அதன் வேலையும் அத்தோடு நின்றுபோகும். ஷூ முழுதாகத் திரும்பாமல் ட்ரம்மை உரசிக்கொண்டே ஓடும், சூடேறும். இன்னும் கொஞ்சம் தேய்ந்ததும் மறுபடி இரண்டு சுற்று. கடைசியில் முறுக்குவதற்கு மரையே மிச்சமிருக்காது. உள்ளே இருக்கிற குறையைக் கையின் திருப்தியை வைத்து மூடுகிற இந்த வழக்கம் நம் பட்டறைகளில் சாதாரணம். பட்டறையை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். ட்ரம்மைக் கழற்றினால் அரை நாள் வண்டி ஓடாது, அரை நாள் வாடகை போகும்.

இந்த வண்டியின் ட்ரம்மைக் கழற்றுவதே ஒரு போராட்டமாக இருந்தது. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை, கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் முழுதாக இறக்கியிருந்தது. ஜாக்கியைச் சேஸிஸில் கொடுக்காமல் ஆக்ஸிலுக்கு அடியில் கொடுத்து ஸ்டாண்ட் வைத்திருந்தார். சேஸிஸைத் தூக்கினால் கமான் பட்டையோடு ஆக்ஸில் கீழே தொங்கும், வயரின் இழுப்பு மாறிப்போகும். தொங்கும் நிலையில் சரிபார்த்துவிட்டுத் தரையில் இறக்கினால் கணக்கு வேறாக இருக்கும். சக்கரத்தைக் கழற்றிய பிறகு ட்ரம் அசையவில்லை. ஓரத்தில் துருவும் தேய்மானமும் சேர்ந்து ஒரு வரம்பு எழும்பியிருந்தது. பட்டறைப் பையன் சுத்தியலைத் தூக்கினான், பெரியவர் தடுத்தார். ட்ரம்மின் முகத்தில் இரண்டு மரைத் துளைகள் இருக்கின்றன. அதில் இரண்டு போல்ட்டைக் கொடுத்து, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்க, ட்ரம் ஒரு முனகலோடு வெளியே வந்தது.

உள்ளே கருப்புத் தூள். கம்ப்ரஸர் பைப்பை எடுத்துவர ஓடிய பையனுக்கு ஒரு திட்டு விழுந்தது. "அத்தனையும் மூக்குல இழுக்கறதுக்கா?" ஈரத் துணியால் துடைத்தார். இடது பக்கத்து லைனர் காய்ந்து, கனமாக, ஒழுங்காக இருந்தது. வலது பக்கத்தைப் பிரித்ததும் வாடை வந்தது. கந்தகம் கலந்த, கெட்டியான எண்ணெய் வாடை. பெரியவர் விரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து என்னிடம் நீட்டினார். "பிரேக் ஆயிலுன்னா தண்ணியாட்டம் இருக்கும். இது கிரவுன் ஆயில். ஆக்ஸில் சீலு போயிருச்சுங்க."

அப்படியானால் இந்த வண்டி எத்தனையோ நாளாக ஒற்றைச் சக்கரத்தின் பிடியில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. எண்ணெய் ஊறிய லைனரை மணல் தாளில் தேய்த்து மறுபடி மாட்டுவதுண்டு. மேலே காய்ந்தது போல இருக்கும். மலையிறக்கத்தில் சூடு ஏறியதும் உள்ளே குடித்த எண்ணெய் வெளியே வரும். சீலை மாற்றி, லைனரை இரண்டு பக்கத்துக்கும் ஜோடியாக மாற்றுவதுதான் வழி. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும்.

வயரும் சரியில்லை. ஆக்ஸில் முனையில் அதற்கு மாட்டியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, நீர் உள்ளே போய், உறைக்குள் வயர் துருப்பிடித்திருந்தது. ஒரு பக்கத்திலிருந்து இழுத்தால் வந்தது. விட்டால் திரும்பிப் போகவில்லை. துருப்பிடித்த வயர் பிடிக்க மறுப்பதைவிட விட மறுப்பதுதான் அதிகம். லீவர் கீழே இறங்கியிருக்கும், டாஷ்போர்டில் ஹேண்ட் பிரேக் விளக்கும் அணைந்திருக்கும்; சக்கரம் மட்டும் பாதிப் பிடியில் ஓடிக்கொண்டிருக்கும். குன்னூர் தாண்டும்போது எரிந்த வாடை வந்து, யாருடைய வண்டியோ என்று ஜன்னல் வழியாகப் பார்ப்போம்.

துருவுக்குக் காரணம் மழை மட்டும் இல்லை. டயர் ஓடித் தேய்கிறது, கிளட்ச் மிதித்துத் தேய்கிறது, லைனர் உரசித் தேய்கிறது. இந்த வயர் ஓய்ந்திருந்தே கெடுகிறது. தினமும் இழுத்து இறக்குகிற வயர் உறைக்குள் போய் வந்துகொண்டிருக்கும், துரு உட்கார இடம் கிடைக்காது. "அதுதான் கல்லு வைக்கிறமே" என்று லீவரைத் தொடாமல் விட்ட வண்டியில்தான் அது ஒருநாள் தேவைப்படும்போது அசையாது. கல் மீதுள்ள நம்பிக்கை ஹேண்ட் பிரேக்கைக் கெடுக்கிறது. கெட்ட ஹேண்ட் பிரேக் கல் மீதுள்ள நம்பிக்கையைக் கூட்டுகிறது.

எல்லாம் மாட்டி முடித்ததும் பெரியவர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. முதலில் லைனரைச் சரிசெய்தார். ட்ரம்மை மாட்டிக் கையால் சுழற்றி, லேசான உரசல் காதில் விழும் வரைக்கும் அட்ஜஸ்டரைத் திருகி, பிறகு உரசல் விடும்படி கொஞ்சம் பின்னால் எடுத்தார். கால் பிரேக்கைப் பலமுறை மிதிக்கச் சொல்லி ஷூக்களை நடுவில் உட்கார வைத்தார். அதற்குப் பிறகுதான் வயருக்கே போனார். பையன் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக இழுக்க, இவர் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு சக்கரத்தையும் மாறி மாறிக் கையால் திருப்பிப் பார்த்தார். இடது இறுகும் அதே பல்லில் வலதும் இறுகுகிறதா என்று. முழுதாக இறக்கியதும் இரண்டும் தடையில்லாமல் சுற்றுகின்றனவா என்று. மலையிறங்கி வந்த கையோடு யாராவது அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னால் செய்ய மாட்டாராம். சூட்டில் ட்ரம் விரிந்திருக்கும்; அந்த அளவுக்கு லைனரைக் கொண்டுபோய் வைத்தால் ஆறிச் சுருங்கியதும் கவ்விக்கொள்ளும். "டீ குடிச்சுட்டு வாங்கன்னு அனுப்பிருவனுங்க."

சமவெளிப் பட்டறையில் இப்படிச் சரிபார்த்த பிரேக்குக்கு உண்மையான பரீட்சை மேலேதான். கேத்தி பாலாடா பக்கம் கேரட் ஏற்றும் இடங்களில் நின்று பார்த்தால் தெரியும். தோட்டத்துக்குப் போகும் பாதை சரிவு. வண்டி காலியாக வந்து நிற்கிறது. டிரைவர் கைக்குப் பிடி கிடைத்த பல்லில் லீவரை விட்டுவிட்டு இறங்கிவிடுகிறார். பிறகு மூட்டை ஏறுகிறது. ஒன்றரை டன் வண்டி பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் நின்றால், அதைக் கீழே இழுக்கும் விசை சுமார் 125 கிலோ. ஒன்றரை டன் சரக்கு ஏறி முடிந்ததும் அது 250 கிலோ. வயரின் இழுப்போ காலி வண்டியில் இழுத்துவிட்ட அதே இழுப்பு. போதாததற்கு எடை ஏற ஏறக் கமான் பட்டை அமுங்கி வயரின் வளைவும் மாறுகிறது. ஐ.நா.வின் வாகன விதி எண் 13, முழு லோடோடு 18 சதவீதச் சரிவில், மேல்முகமாகவும் கீழ்முகமாகவும், பார்க்கிங் பிரேக் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது. மூன்று டன் வண்டிக்கு அது 530 கிலோ இழுப்பு. புது வண்டி நிற்கலாம். லோடு பாதி ஏறியதும் ஏறிப்போய் இன்னும் ஒரு பல் இழுத்துவிடுகிற டிரைவரை அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது. அவரை உடனே அடையாளம் தெரிந்துகொள்ளலாம்: பெரும்பாலும் லாரியில் கிளீனராக இருந்து வந்தவராக இருப்பார்.

காலி வண்டிக்கும் ஓர் ஆபத்து உண்டு. ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கிறது. பிக்கப்பில் சரக்கு இல்லாதபோது பின்பக்கம் இலேசு. இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் இருக்கிற எடையிலும் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்துவிடும். மழை ஈரத்தில், பாசி பிடித்த சிமெண்டுப் பாதையில், சக்கரம் சுற்றாமலேயே வண்டி சறுக்கும். லைனர் புதுசு, வயர் புதுசு, ஒன்றும் உதவாது. முன்சக்கரத்தை மலைப்பக்கம் ஒடித்து நிறுத்த வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

அந்தப் பட்டறையில் இருந்தால் காலையில் மலை ரயில் கிளம்பும் சத்தம் கேட்கும். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் போன பாதை. கல்லாறுக்கு மேல் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அதே சரிவில் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுகிறது. அந்த ரயிலில் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். என்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் சைகையும் விசிலும்தான் பேச்சு. பிரேக்குக்கென்று பெட்டிக்கு ஓர் ஆள். சுற்றுலாப் பயணிகள் அவரைப் பழங்காலத்து அலங்காரமாக நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சரிவு என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் போட்ட கணக்கு அது. திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தை விட்டு விலகவில்லை.

ஆளை எடுக்கிறோம் என்றால் இயந்திரத்தின் சுபாவத்தையே மாற்ற வேண்டும். 1872இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்குச் செய்த தானியங்கிக் காற்றுப் பிரேக் அப்படி மாற்றியது. குழாயில் காற்று இருந்தால் பிரேக் விட்டிருக்கும். குழாய் அறுந்து காற்று இறங்கினால் பிரேக் தானே பிடிக்கும். பெரிய லாரிகளின் பார்க்கிங் பிரேக்கிலும் கனமான ஸ்பிரிங்கைக் காற்றுதான் அமுக்கி வைத்திருக்கிறது. காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். பிக்கப்பின் வயர் இதற்கு நேர் எதிர். அறுந்தால் விட்டுவிடும், நீண்டால் விட்டுவிடும், லைனர் தேய்ந்தால் விட்டுவிடும். அதன் குறைகள் அநேகமாக எல்லாம் வண்டி நகர்கிற பக்கமே சாய்ந்திருக்கின்றன. ஆளை வைத்துக்கொள்ளும் காலத்தில் செய்த சாமானை, ஆளில்லாத வண்டியில் அப்படியே மாட்டி அனுப்பியிருக்கிறோம். பட்டனை அமுக்கினால் மோட்டார் இழுக்கும் பார்க்கிங் பிரேக் கார்களில் வந்துவிட்டது. சரக்கு ஏற்றும் ஏழை வண்டிக்கு அது வர நாளாகும்.

சட்டம் இதை நன்றாகவே யோசித்திருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் நிற்கும் வண்டியில் உரிமம் பெற்ற ஆள் டிரைவர் சீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சினை அணைத்துப் பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது டிரைவர் இல்லாத நேரத்தில் வண்டி தற்செயலாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். வேறு ஏற்பாடு என்ற இடத்தில் நம் கல்லுக்கும் இடம் இருக்கிறது. சட்டம் எழுதியவர் எந்த மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் காத்திருந்தாரோ.

கல்லின் மேல் எனக்கு ஒரே ஒரு கோபம். வண்டி கிளம்பும்போது தனி ஆள் டிரைவர் கல்லை எடுக்க இறங்குவதில்லை. கொஞ்சம் முன்னால் ஏற்றி, கல்லை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். அடுத்த வளைவில் வேறு கல் கிடைக்கும். விட்ட கல் பனிமூட்டத்தில் டூவீலர்காரருக்குக் கிடைக்கும். கட்டையில் கயிறு கட்டி அதன் மறுமுனையைப் பாடியில் முடிந்து வைத்திருந்தது அந்தக் காலத்து லாரி. வண்டி நகர்ந்தாலும் கட்டை கூடவே வந்துவிடும். அந்தக் கயிறும் கிளீனரோடு போனது.

பட்டறையில் நான் கிளம்பும் நேரத்துக்கு வேறொரு பிக்கப் வந்து நின்றது. உரிமையாளருக்குக் கல்யாண வேலை. மறுநாள் முதல் ஆக்டிங் டிரைவர் ஓட்டப்போகிறார். சாவி கைமாறும்போது பாடமும் கைமாறுகிறது. இந்த வண்டிகளின் உண்மையான கையேடு அந்த நேரத்தில் வாயால்தான் சொல்லப்படுகிறது. கிளட்ச் கொஞ்சம் மேலே பிடிக்கும். ஹாரனை இடது ஓரத்தில் அமுக்க வேண்டும். மூன்றாவது கியர் சில சமயம் முரண்டும்.

"ஹேண்ட் பிரேக்கு இல்லைன்னே வச்சுக்கங்க" என்றார் உரிமையாளர்.

ஆக்டிங் டிரைவர் லீவரை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு இறக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி, சீட்டை மடக்கிப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கல்லு சின்னதா இருக்குதுங்களே. வேற இல்லீங்களா?"

மெக்கானிக் அடியிலிருந்து தலையை வெளியே நீட்டி, அந்த வண்டியை நாளைக்குக் காலையில் விடச் சொன்னார். நாளைக்கு லோடு இருக்கிறது என்றார் உரிமையாளர்.